எடக்கல் + மறையூர் எழுத்துக்குகை 2 நாள் பேக்கேஜ் டூர், போலாமா வேண்டாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். பொண்ணு ஏழாவது படிக்கறா, பீம்பேட்கா பத்தி ஒரு வீடியோ பாத்துட்டு பாறை ஓவியம் நேர்ல பாக்கணும்னு ஒரே பிடிவாதம். போபால் வரைக்கும் போறதுக்கு இப்ப நமக்கு வழியில்லீங்க, அதனால பக்கத்துல என்ன இருக்குன்னு தேடிட்டு இருந்தப்ப ஒரு டிராவல்ஸ்காரங்க வாட்சப்புல நோட்டீஸ் ஒன்னு வந்துச்சு. முதல் நாள் வயநாடு எடக்கல், ரெண்டாவது நாள் மறையூர் எழுத்துக்குகையும் முனியறையும், ஆளுக்கு 6,500 ரூபா, சாப்பாடு ரூம் வண்டி எல்லாம் சேத்து. கூட வர்ற கைடு தமிழ் மலையாளம் ரெண்டும் பேசுவாராம். "10,000 வருடப் பழமையான ஓவியங்கள், தண்ணீர் தெளித்துத் தெளிவாகக் காட்டப்படும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க.

நாங்க நாலு பேரு, எங்க அத்தையும் வர்றாங்க, அவங்களுக்கு 67 வயசு, முட்டி வலி இருக்கு ஆனா சமவெளின்னா நல்லா நடப்பாங்க. என் கேள்வி என்னன்னா இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் கைடு இல்லாம போனா ஏதாவது புரியுமா, இல்ல நாமளே கார எடுத்துட்டு போயிரலாமா? அத்தையால ஏற முடியுமா? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ். வீட்டுக்காரர் "பாறையில கோடு பாக்க இருபத்தாறாயிரமா"ன்னு முனகிட்டே இருக்காரு.

---

மறையூர்_ஜீப்பு

அக்கா வணக்கம். நான் மறையூர்ல ஜீப்பு ஓட்றவன், சவாரி புடிக்க எழுதல, அந்த பிளான பாத்ததும் சொல்லாம இருக்க முடியல. எடக்கல்ல இருந்து மறையூருக்கு ராத்திரியோட ராத்திரியா கொண்டு வந்து மறுநாள் காட்டுவேன்னு சொல்றவன் மேப்பே பாத்ததில்ல. நீங்க ரெண்டு நாளும் வண்டிக்குள்ளயே தான் இருப்பீங்க. உங்க ஊர்ல இருந்து எங்க ஊரு பக்கம், பொள்ளாச்சி உடுமலை வந்து, ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னார், அப்புறம் மறையூர். வயநாடு நேர் எதிர் திசை. ரெண்டையும் தனித்தனியா வெச்சுக்கோங்க.

எங்க ஊருல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டையும் ஒன்னா போட்டு குழப்பிக்காதீங்க. முனியறைங்கறது கல்திட்டை. பெரிய பலகைக் கல்ல நாலு பக்கமும் நிறுத்தி மேல ஒரு மூடு கல்லு. ஹைஸ்கூலுக்கு பின்னாடி பாறை மேலயே இருக்கு, கோவில்கடவு பக்கமும் இருக்கு. இதுக்கு காட்டுக்குள்ள போக வேண்டியதில்ல, உங்க அத்தை மெதுவா ஏறிருவாங்க, ஆனா மொட்டைப் பாறை, நிழலே கிடையாது, 9 மணிக்குள்ள இல்லன்னா சாயங்காலம் 4 மணிக்கு மேல போங்க. மேல நின்னா கரும்புக் காடும் பாம்பாறும் கீழ தெரியும், அதுக்கே போகலாம்.

எழுத்துக்குகை வேற. அது கூடக்காவயல் பக்கம், சந்தனக் காட்டுக்குள்ள, மறையூர்ல வனத்துறைகிட்ட பாஸ் எடுத்துட்டுதான் போக முடியும், நீங்களா காரு எடுத்துட்டு போய் இறங்க முடியாது. சந்தனத் திருட்டுக்கு பயந்து அவ்வளவு காவல் போட்டிருக்கான். கொஞ்ச தூரம் ஜீப்பு போகும் அப்புறம் நடை, ஏத்தம் இருக்கு. முட்டி வலிக்காரங்கள நான் கூட்டிட்டு போகச் சொல்ல மாட்டேன் அக்கா, உண்மைய சொல்றேன். ஆட்டலைன்னு இன்னொரு ஓவியப் பாறை இன்னும் மேல இருக்கு, அது நடக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.

ஓவியம் எப்படின்னு கேட்டா, மான், கடமான், ஆளுங்க, சில கோடு வளையம் மாதிரி என்னன்னே தெரியாத உருவம், செவப்புலயும் வெள்ளையிலயும். பீம்பேட்கா மாதிரி பளிச்சுன்னு இருக்கும்னு நெனச்சு வந்தா பாப்பா ஏமாந்து போயிரும், அதை முன்னாடியே சொல்லி கூட்டிட்டு வாங்க. அதுவும் பாதி எடத்துல பேரு கிறுக்கி வெச்சிருக்கானுங்க.

கைடு விஷயத்துல என் ஓட்டு, வெளியூர்ல இருந்து மைக்கு புடிச்சுட்டு வர்றவர விட எங்க குடியில இருந்து வர்ற வாட்சருங்க தான். முதுவான், மலைப்புலையர்னு இங்க இருக்கற பழங்குடி ஆளுங்க. அவங்களுக்கு எந்தப் பாறை எந்த நேரத்துல வெளிச்சம் வாங்கும்னு தெரியும், யானை எங்க நிக்குதுன்னும் தெரியும். ஒன்னு, கேட்டா தான் பேசுவாங்க, நாம தான் வாயத் தொறக்கணும்.

---

கூடலூர்_ராணி

கொழிஞ்சாம்பாறை தங்கச்சிக்கு, எடக்கல் பத்தி நான் சொல்றேன். எங்களுக்கு கூடலூர்ல இருந்து பாட்டவயல் வழியா பத்தேரி போயிட்டா பக்கம், வீட்டுக்கு யாரு வந்தாலும் "எங்கயாவது கூட்டிட்டு போங்க"ன்னா அங்க தான் கூட்டிட்டு போறது, அதனால நல்லா பழக்கம்.

முதல்ல ஒன்னு, உங்க பொண்ணு பெயிண்டிங் தான் பாக்கணும்னா எடக்கல் அது இல்ல. அங்க இருக்கறது பாறையில கீறினது, செதுக்கினது. கலரே கிடையாது. ஆனா பெரிசு, சுவரு பூரா இருக்கும். தலையில ஏதோ பெரிசா கட்டிகிட்ட ஆளுங்க, சக்கரம் மாதிரி வட்டம், கட்டம் கட்டமா கோடு, மிருகம். ஒன்னு மேல ஒன்னு கீறியிருக்கறதால முதல்ல பாக்கறப்ப கண்ணுக்கு ஒன்னும் பிடிபடாது. ஒரு மூலையில நின்னு ஒரே உருவத்த கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தா அப்புறம் பக்கத்துல இருக்கறது தானா தெரிய ஆரம்பிக்கும். பேக்கேஜ்ல வர்ற கூட்டத்துக்கு இதுக்கு நேரமே குடுக்க மாட்டாங்க, செல்பி எடுத்துட்டு "அடுத்து போலாம் அடுத்து போலாம்"னு வெரட்டிருவாங்க.

குகைன்னு பேரு தானே தவிர குகையும் இல்ல, அம்புகுத்தி மலையில பாறை பொளந்து நடுவுல ஒரு சந்து, மேல பெரிய கல்லு வந்து மாட்டிகிட்டு கூரை மாதிரி நிக்குது. அதனால வெளிச்சம் மேல இடுக்கு வழியா வரும், காலையில போனா கீறல் நல்லா எடுப்பா தெரியுது, மத்தியானத்துக்கு மேல கூட்டமும் சேந்துக்கும்.

1890கள்ல மலபார் போலீஸ் அதிகாரியா இருந்த பாசெட்னு ஒரு வெள்ளைக்காரர் தான் இதை வெளி உலகத்துக்கு எழுதினாரு, வேட்டைக்கு வந்த எடத்துல கேள்விப்பட்டு போனாருன்னு சொல்வாங்க. அவரோட கட்டுரை 1901ல வந்துச்சு. நமக்கு சந்தோஷமான விஷயம் என்னன்னா அங்க தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கு, அதுல ஒன்னுல சேரன்ற பேரு வருதுன்னு கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ஐராவதம் மகாதேவன் படிச்சு சொல்லியிருக்காரு. ஆனா எழுத்து வேற காலம், கீறல் வேற காலம், ரெண்டுக்கும் நடுவுல எத்தனையோ தலைமுறை. சில கைடுங்க சிந்து சமவெளி எழுத்தே இங்க இருக்குன்னு ஒரே அடியா அடிச்சு விடுவாங்க, அப்படி ஒரு கருத்து இருக்கறது உண்மை, ஆனா அதை ஒத்துக்காத ஆளுங்களும் நெறைய.

அத்தை விஷயம், வேண்டாம். டிக்கெட் கவுண்டர் வரைக்கும் ஏத்தம், அதுக்கப்புறம் படிக்கட்டு, இரும்பு ஏணிப்படி, சில எடத்துல குனிஞ்சு நுழையணும், இறங்கறப்ப தான் முட்டிக்கு வேலை அதிகம். எங்க சின்னம்மா பாதியில உக்காந்து அழுதே விட்டாங்க. அவங்கள அம்பலவயல் ஹெரிட்டேஜ் மியூசியத்துல விட்ருங்க, நல்ல பழைய கல் சிலை, நடுகல் எல்லாம் இருக்கு, உக்கார எடமும் இருக்கு. திங்கக்கிழமை எடக்கல் லீவு, அதை பாத்து பிளான் போடுங்க. ஒரு நாளைக்கு இத்தனை பேருன்னு கணக்கு வெச்சு தான் உள்ள விடறாங்க, லீவு நாள்ல லேட்டா போனா கேட்டோட திரும்பி வர வேண்டியதுதான்.

---

உடுமலை_வாத்தியார்

அம்மா, நான் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன். மேல ரெண்டு பேரும் வழி சொல்லிட்டாங்க, நான் அந்த நோட்டீஸ்ல இருக்கற ரெண்டு வரிக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா ரெண்டுமே தப்பு, ரெண்டாவது ஆபத்தும் கூட.

"10,000 வருஷம்". யாரு அளந்தாங்க? பாறை ஓவியத்துக்கு வயசு கண்டுபிடிக்கறது தொல்லியல்ல ரொம்ப கஷ்டமான வேலைகள்ல ஒன்னு. கார்பன்-14 போட்டு பாக்கலாமேன்னு தோணும். அதுக்கு கரிமப் பொருள் வேணும், கரி, எலும்பு, மரம் இந்த மாதிரி. நம்ம பக்கம் வரைஞ்சிருக்கற செவப்பு பூரா செங்காவி, அது இரும்பு ஆக்சைடு, கல்லு. வெள்ளை வெண்களிமண்ணோ சுண்ணாம்போ. இதுல கார்பன்-14க்கு நம்பி சோதிக்கற மாதிரி பெரிசா ஒன்னும் இல்ல. கரியில வரைஞ்சிருந்தா, இல்ல கலவையில பிசின் ரத்தம் மாதிரி ஏதாவது சேத்து அது இன்னும் மிச்சம் இருந்தா மட்டும் தான் வாய்ப்பு. இந்தோனேசியா சுலாவெசியில 51,200 வருஷம்னு 2024ல சொன்னாங்களே, அது எப்படின்னா, அங்க சுண்ணாம்புக்கல் குகை, ஓவியத்து மேல சுண்ணாம்பு கசிஞ்சு ஏடு ஏடா படிஞ்சிருக்கு, அந்த ஏட்டுல இருக்கற யுரேனியத்த அளந்து "இந்த ஏடு இவ்வளவு வயசு, அப்ப கீழ இருக்கற ஓவியம் அதுக்கும் முன்னாடி"ன்னு சொல்றாங்க. நம்ம மலையில இருக்கறது கருங்கல் வகை, அந்த வித்தை இங்க செல்லாது.

அப்ப எப்படி தான் சொல்றாங்கன்னா, ஒன்னு மேல ஒன்னு வரைஞ்சிருக்கறத பாத்து எது முந்தி எது பிந்தின்னு வரிசை கட்டறாங்க. அப்புறம் என்ன வரைஞ்சிருக்குன்னு பாக்கணும். திமில் வெச்ச மாடும் அதை ஓட்டிட்டு போற ஆளும் இருந்தா ஆடு மாடு வளக்க ஆரம்பிச்ச காலத்துக்கு அப்புறம். குதிரை மேலயோ யானை மேலயோ ஆள் உக்காந்து கையில ஆயுதம் இருந்தா அது வேட்டையாடித் திரிஞ்ச கற்காலத்து ஆள் வரைஞ்சதா இருக்காது, இரும்புக்காலமோ அதுக்கும் பிந்தியோ. செவப்பு பழசு வெள்ளை புதுசுன்னு பொதுவா சொல்றது உண்டு, எல்லா எடத்துக்கும் பொருந்தாது. பாப்பாகிட்ட ஒரு நோட்டு குடுத்து விடுங்க, எந்தக் கோடு எந்தக் கோட்டு மேல போகுதுன்னு அவளே பாத்து வரையட்டும், கைடு சொல்ற கதைய விட அதுல அவ நெறைய கத்துக்குவா.

முனியறைக்கும் இதே கதை தான். முனிவர் தவம் பண்ணினது, பாண்டவர் தங்கினதுன்னு சொல்வாங்க. ஈமச்சின்னம் அது, பெருங்கற்கால ஆளுங்க செத்தவங்களுக்கு கட்டினது. குகையில வரைஞ்சவங்களும் இதை கட்டினவங்களும் ஒரே ஆளுங்கன்னு யாராவது சொன்னா ஆதாரம் என்னன்னு கேளுங்க.

தண்ணி தெளிக்கறது பத்தி ராத்திரி எழுதறேன், பேரன் லேப்டாப்ப கேக்கறான்.

---

சும்மா_ஒருத்தன்

நான் உண்மைய சொல்லிடறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. எழுத்துக்குகைக்கு நானும் ஆபீஸ் கூட்டத்தோட போயிருக்கேன். ஜீப்புல இடுப்பு ஒடிஞ்சது தான் மிச்சம். அங்க போனா ஏதோ காவி கலர்ல ஒரு கறை, கைடு "இது மான்"ன்றாரு, நான் பாத்தா எங்க வீட்டு பாத்ரூம் சுவத்துல ஈரம் பூத்த மாதிரி இருக்கு. கூட வந்தவன் வாட்டர் பாட்டில்ல இருந்து கொஞ்சம் ஊத்தினான், அப்ப தான் காலு கொம்பு எல்லாம் தெரிஞ்சுது. தண்ணி ஊத்தினா என்ன ஆயிரப் போகுது, ஆயிரக்கணக்கான வருஷம் மழையில நின்ன பாறை தானே? அதுக்கு பதிலா அந்தக் காசுல மூணார் போயிட்டு வாங்க, பொண்ணு சந்தோஷப்படும்.

---

உடுமலை_வாத்தியார்

தம்பி, கேட்டதும் நல்லதுக்குத்தான், இதே கேள்விய நெறைய பேரு மனசுல வெச்சிருக்காங்க.

மழையில நின்ன பாறை இல்ல அது. மழை படாத எடமா பாத்து தான் வரைஞ்சிருக்காங்க, கூரை மாதிரி முன்னால நீட்டிகிட்டு இருக்கற பாறைக்கு அடியில. மழை பட்ட எடத்துல வரைஞ்சது எப்பவோ போயிருக்கும், நாம பாக்கறது தப்பிச்சு நின்னது மட்டும். அதுல தண்ணி ஊத்தினா பாறையில இருக்கற உப்பு கரைஞ்சு மேல வருது, காயறப்ப திரும்ப படிகமா உறையுது, உறையறப்ப விரிஞ்சு காவித் துகள தூக்கி விடுது. ஒரு தரம் ஊத்தினா கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. ஆனா டெய்லி ஒரு ஜீப்பு, ஜீப்புக்கு ஒரு பாட்டில்னு வெச்சுக்கோங்க. சில எடத்துல ஓவியத்து மேல வெள்ளையா ஒரு படலம் படிஞ்சு மங்கிப் போயிருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். சாக்பீஸ்ல கோட்ட அழுத்தி போட்டோ எடுக்கறதும் அப்படித்தான், கையில தடவி பாக்கறதும் அப்படித்தான், நம்ம கையில எண்ணெய் பிசுக்கு இருக்கு.

பிரான்சுல லாஸ்கோன்னு ஒரு குகை. 1940ல பசங்க கண்டுபிடிச்சாங்க, கூட்டம் கூட்டமா ஜனம் போச்சு, மூச்சுக் காத்துலயும் ஈரத்துலயும் சுவத்துல பாசி பிடிச்சு, 1963ல பொதுஜனத்துக்கு மூடியே விட்டாங்க. இப்ப போறவங்க பக்கத்துல கட்டி வெச்ச நகல தான் பாக்கறாங்க. அவங்க தொட கூட இல்ல, வெறும் மூச்சு விட்டதுக்கே அது.

மங்கலா இருக்கறத பாக்க ஒரு வழி இருக்கு. டி-ஸ்ட்ரெச்னு ஒரு மென்பொருள், பாறை ஓவியத்துக்குன்னே ஜான் ஹார்மன்னு ஒருத்தர் பண்ணது. சாதாரணமா ஒரு போட்டோ எடுத்து, பிளாஷ் வேண்டாம், அதுல போட்டா கண்ணுக்கு தெரியாத செவப்பும் வெள்ளையும் தனியா பிரிஞ்சு பளிச்சுன்னு வரும். போன்லயும் அந்த மாதிரி ஆப் இருக்கு. என் பேரன் எடுத்த ஒரு போட்டோவுல வெறும் கறைன்னு நெனச்ச எடத்துல மூணு ஆளு கை கோத்து நிக்கறாங்க. கொண்டு போங்க, பாப்பா விடவே மாட்டா.

---

மறையூர்_ஜீப்பு

வாத்தியார் சொன்னது கரெக்ட்டு. எங்க வாட்சர் அண்ணன் ஒருத்தரு பாட்டில பாத்தாலே வாங்கி ஜீப்புலயே வெச்சுருவாரு, "குடிக்கணும்னா இங்க வந்து குடி"ம்பாரு. சும்மா ஒருத்தன் அண்ணே, நீங்க போன நேரம் உச்சி வெயிலா இருந்திருக்கும், வெளிய பாறையில பட்டு கண்ணு கூசும், உள்ள நிழல்ல ஒன்னும் தெரியாது. உள்ள போய் கொஞ்ச நேரம் உக்காந்து கண்ணு பழகின அப்புறம் பாத்தா மானுக்கு கொம்பு என்ன குளம்பு கூட தெரியும்.

இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன், தேன் கூடு. பெரிய பாறைக்கு அடியில மலைத்தேனீ கட்டும். செண்டு அடிச்சுட்டு வராதீங்க, பீடி சிகரெட்டு கூடாது, கத்தக் கூடாது, எக்கோ கேக்குதான்னு பசங்க ஊளை விடறது எல்லாம் வேண்டாம். யானைய விட இதுக்கு தான் நாங்க பயப்படறது.

---

கூடலூர்_ராணி

தேன் கூடுன்னதும் ஞாபகம் வருது, பீம்பேட்காவுலயே நடந்த கூத்து ஒன்னு. அங்க ஆடிட்டோரியம் குகைன்னு ஒன்னு இருக்கே, அதோட கூரையில இலை மாதிரி ஒரு அச்சு. 2021ல விஞ்ஞானிங்க பாத்துட்டு இது 55 கோடி வருஷத்துக்கு முந்தின டிக்கின்சோனியாங்கற உயிரோட புதைபடிவம்னு கட்டுரையே போட்டுட்டாங்க. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. 2023ல வேற ஆளுங்க போய் பாத்தா, அது உதிர்ந்து போன தேன் கூட்டோட மிச்சம், பாறையில ஒட்டிகிட்டு இருந்திருக்கு! முதல்ல எழுதினவங்களும் ஒத்துகிட்டாங்க, பெரிய மனசு. இதை உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க தங்கச்சி, அவ்வளவு படிச்சவங்களே ஏமாறுறப்ப ஜீப்புல வர்ற கைடு 10,000ன்னு சொன்னா திருப்பி ஒரு கேள்வி கேக்க கூச்சப்பட வேண்டியதில்ல.

அப்புறம் அந்த பேக்கேஜ்காரங்ககிட்ட போன் பண்ணி மறையூர்ல பாஸ் யாரு பேர்ல எடுக்கறீங்கன்னு மட்டும் கேளுங்க. எங்க சொந்தக்காரங்க இதே மாதிரி ஒரு டூர்ல காசு கட்டி போய், பாஸ் கெடைக்கலைன்னு கடைசி நேரத்துல ஒரு பார்க்கையும் சாக்லேட் பேக்டரியையும் சுத்தி காட்டி அனுப்பிட்டாங்க. எந்த கம்பெனின்னு இங்க எழுத விரும்பல.

---

வேலந்தாவளம்_பையன்

அக்கா நீங்க கொழிஞ்சாம்பாறையில உக்காந்துட்டு வயநாடு மறையூர்னு பேசிட்டு இருக்கீங்க, நம்ம வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினா குமிட்டிபதி! பதிமலையில பாறை ஓவியம் இருக்குங்க அக்கா, யாரும் சொல்லவே இல்லையே. உங்க வீட்ல இருந்து காலையில டிபன் சாப்பிட்டு கெளம்பினா மத்தியானச் சோத்துக்கு திரும்பிரலாம்.

அங்க வெள்ளை கலர்ல இருக்கு, யானை நல்லாவே தெரியுது, ஆளுங்க இருக்காங்க. எந்த டூர்காரனும் கூட்டிட்டு போறதில்ல, ஏன்னா அதுல காசு பாக்க முடியாது. மலை சின்னது தான், கடைசியில மட்டும் பாறையில கொஞ்சம் செங்குத்தா ஏறணும். கேவலம் என்னன்னா ஓவியம் இருக்கற சுவத்துலயே ஆயில் பெயிண்ட்ல பேரும் ஹார்ட்டும் வரைஞ்சு வெச்சிருக்கானுங்க, அதையும் சேத்து தான் பாக்கணும். இந்தப் பக்கம் வாளையார் காடு ஒட்டி இருக்கறதால யானை வர்ற நேரம் உண்டு, ஊர்ல ஒருத்தர கேட்டுட்டு அவங்கள கூட்டிட்டு ஏறுங்க, தனியா வேண்டாம். கீழ இருக்கற ஆடு மேய்க்கறவங்களுக்கு எல்லாம் தெரியும்.

---

கோத்தகிரி_குளிரு

நம்ம பங்குக்கு ஒன்னு. கைடட் டூர்னே வேணும்னா கவர்மெண்டே நடத்தறது இருக்குங்களே. டிரெக் தமிழ்நாடுன்னு 2024 கடைசியில வனத்துறை ஆரம்பிச்சாங்க, ஆன்லைன்ல புக் பண்ணணும், ஆரம்பிச்சப்ப மொத்தம் 40 பாதை. அதுல நீலகிரியில கரிக்கையூர்ல இருந்து பொறிவரை போற பாதை ஒன்னு, அது பாறை ஓவியத்துக்கே போறது. தமிழ்நாட்டுல ரொம்ப பெரிய பாறை ஓவியத் தொகுதின்னு அதை தான் சொல்றாங்க, அகலமான பாறைச் சுவரு, காளை, மான், ஆளுங்கன்னு கூட்டம் கூட்டமா இருக்கு. கூட வர்றவங்க அங்க இருக்கற பழங்குடி ஆளுங்க, அதுக்குன்னு பயிற்சி குடுத்திருக்காங்க.

ஒரு காலத்துல இஷ்டத்துக்கு போயிட்டு இருந்தாங்க, சுவத்துல கிறுக்கி, சுரண்டி, நெறைய நாசம் பண்ணிட்டாங்க. 2018ல தேனி குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் மலையேற்றத்துக்கே கெடுபிடி வந்து, இப்ப முறைப்படி புக் பண்ணி தான் போக முடியும். எனக்கு கேட்டா இது நல்லதுக்குத்தான். பாட்டிம்மாவுக்கு ஆகாது, நல்ல நடை. அடுத்த வருஷம் பொண்ணு கொஞ்சம் வளந்த அப்புறம் அப்பாவும் பொண்ணுமா போகலாம். வெயில் காலத்துல காட்டுத்தீ பயத்துக்கு மூடி வெப்பாங்க, அதை பாத்துக்கோங்க.

எங்க மலையில ஆலு குறும்பர்ங்கற பழங்குடி ஆளுங்க இன்னிக்கும் வரையறாங்க, அதை பாத்துட்டு பொறிவரைக்கு போனா அந்த கோடு எல்லாம் வேற மாதிரி தெரியும், கேக்கறதுக்கு ஆள் இருக்குன்னு ஒரு தெம்பு. அதுவும் இதுவும் நேரா ஒரே தொடர்ச்சின்னு நான் சொல்ல வரல, வாத்தியார் அடிக்க வந்துருவாரு.

---

உடுமலை_வாத்தியார்

அடிக்கல அப்பா. நீங்க சரியா தான் சொன்னீங்க.

---

சும்மா_ஒருத்தன்

டி-ஸ்ட்ரெச் ஆப்ல என் பழைய போட்டோவ போட்டு பாத்தேன். பாத்ரூம் ஈரம்னு சொன்னேனே, அதுல கொம்போட ஒரு மிருகம், அதுக்கு கீழ இன்னொன்னு இருக்கு. சரி ஒத்துக்கறேன். ஆனா 6,500 ரூபா இன்னும் ஜாஸ்தி தான்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. ராணி அக்கா சொன்ன மாதிரி அந்த டிராவல்ஸுக்கு போன் போட்டேன். பாஸ் யாரு பேர்லன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் அங்க போய் பாத்துக்கலாம் மேடம்"னாரு. தண்ணி தெளிக்கறது பத்தி கேட்டேன், "எல்லாரும் தெளிக்கறாங்க மேடம், அப்ப தான் கஸ்டமருக்கு திருப்தி"ன்னாரு. அதோட வெச்சுட்டேன்.

இப்ப முடிவு என்னன்னா இந்த ஞாயித்துக்கிழமை குமிட்டிபதி, தம்பி சொன்ன மாதிரி ஊர்ல ஒருத்தர கூட்டிட்டு. அப்புறம் பூஜா லீவுல மறையூர் மட்டும், ஒரு ராத்திரி தங்கி. வீட்டுக்காரரும் பொண்ணும் எழுத்துக்குகைக்கு போகட்டும், நானும் அத்தையும் முனியறையும் கோவில்கடவு தென்காசிநாதர் கோவிலும் பாத்துட்டு, சர்க்கரை காய்ச்சற ஆலைய பாத்துட்டு இருந்துக்கறோம். எடக்கல் தனியா இன்னொரு தரம், திங்கக்கிழமை இல்லாம. பொறிவரைய கேட்டதுல இருந்து பொண்ணு அதுக்கும் இப்பவே ஷூ வாங்கணும்ங்கறா.

ஜீப்பு தம்பி, ரெண்டு சந்தேகம். ஐப்பசி ஒட்டி வர்றப்ப மழை எப்படி இருக்கும்? பாஸுக்கு முந்தின நாளே வந்து சொல்லணுமா, இல்ல காலையில வந்தா போதுமா?

---

மறையூர்_ஜீப்பு

அக்கா, எங்க ஊரு மழை மறைவு, மூணார்ல கொட்டற ஆடி மழை இங்க வர்றதில்ல, ஆனா ஐப்பசி கார்த்திகை மழை எங்களுக்கும் உண்டு. வந்தா மத்தியானத்துக்கு மேல தான் வரும், அதனால காலையில முதல் ஆளா போயிருங்க. மழை பேஞ்ச மறுநாள் பாறை வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டு வரச் சொல்லி உங்க வீட்டு அண்ணன்கிட்ட சொல்லுங்க.

பாஸுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டா நிம்மதி, யானை நடமாட்டம் இருந்தா அவங்க அன்னிக்கு விட மாட்டாங்க, அதுக்கு யாரும் ஒன்னும் பண்ண முடியாது. ஐடி கார்டு எல்லாருக்கும் கையில இருக்கட்டும். உடுமலையில இருந்து மத்தியானம் 3 மணிக்குள்ள கெளம்பிருங்க, இருட்டினா ஒன்பதாறுல விட மாட்டான், சின்னார் ரோட்டுல யானை நிக்கும். வழியில வண்டிய நிறுத்தி இறங்காதீங்க, பிளாஸ்டிக் பாட்டில் கவர் எல்லாம் செக் பண்ணுவாங்க, எவர்சில்வர் பாட்டில்ல தண்ணி கொண்டு வந்துருங்க.

ஆலையில உருண்டைச் சர்க்கரை சூடா குடுப்பாங்க, அத்தைக்கு சுகர் இருந்தா கொஞ்சமா. நான் அந்த வாரம் ஊர்ல தான் இருப்பேன், ஸ்டாண்டுல யாரு இருந்தாலும் கூட்டிட்டு போவாங்க, என்னையவே தேட வேண்டியதில்ல.